தானே தட்டும் விசைகள்: கணினிக் கேள்வி-பதில்

ஒரே வேலையைக் கணினியில் நாள்தோறும் திரும்பச் செய்வோருக்கு உதவும் தானியக்கக் கருவிகளைப் பற்றி, சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் பெரும்பாலும் இரண்டே கவலைகளைச் சுற்றி வருகின்றன: நிரல் எழுதத் தெரியாத எனக்கு இது பயன்படுமா, பயன்படுத்தினால் கணினிக்கும் கணக்குகளுக்கும் கேடு வருமா. ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்து, இம்மாதம் முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, கிரயப் பத்திரம், தானப் பத்திரம், பாகப்பிரிவினை என எதை எடுத்தாலும் எங்கள் தொழிலில் முக்கால் பாகம் மாறாத வாசகம்தான். என் தங்கை மகன் ஆட்டோஹாட்கீ என்ற மென்பொருளை நிறுவித் தந்தான். நான்கு எழுத்து அடித்தால் ஒரு பத்தியே வந்து விழுகிறது. ஆனால் பக்கத்து அலுவலகத்தில் இதே மென்பொருளில் யாரோ செய்து கொடுத்த கோப்பை, வைரஸ் தடுப்பு மென்பொருள் பிடித்து அழித்துவிட்டது. நான் இதை வைத்துக்கொள்ளலாமா?
— பத்திர எழுத்தர், மன்னார்குடி

பதில்: வைத்துக்கொள்ளலாம். ஆனால் பக்கத்து அலுவலகத்தில் நடந்ததற்கும் உங்களிடம் இருப்பதற்கும் என்ன வேறுபாடு என்று தெரிந்துகொண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோஹாட்கீ 2003 முதல் இருந்துவருகிற, விண்டோஸில் மட்டும் இயங்குகிற, இலவசமான திறமூல மென்பொருள். அதன் மூல நிரல் வெளிப்படையாக இருப்பதால், யார் வேண்டுமானாலும் படித்துச் சோதிக்கலாம். நீங்கள் குறுக்கெழுத்தை அடித்தவுடன் அது பத்தியாக விரியவேண்டுமானால், நீங்கள் தட்டும் ஒவ்வொரு விசையையும் அந்த மென்பொருள் கவனித்துக்கொண்டே இருக்கவேண்டும். கடவுச்சொல்லைத் திருடுகிற தீய நிரலும் செய்வது அதே கவனிப்பைத்தான். வெளியிலிருந்து பார்க்கும் வைரஸ் தடுப்பு மென்பொருளுக்கு இருவரும் ஒரே சன்னல் வழியாக எட்டிப் பார்ப்பவர்களாகவே தெரிகிறார்கள்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. ஆட்டோஹாட்கீயில் எழுதிய ஸ்கிரிப்டை, அதாவது கட்டளை வரிகளை, மென்பொருள் நிறுவப்படாத கணினியிலும் ஓடும் வகையில், தனித்தியங்கும் இஎக்ஸ்இ கோப்பாக மாற்றமுடியும். அப்படி மாற்றும்போது ஸ்கிரிப்டோடு அதை இயக்கும் பொறியும் ஒரே கோப்பில் அடைக்கப்படுகிறது. நல்லவர் எழுதினாலும் கெட்டவர் எழுதினாலும் பொறி ஒன்றுதான், உள்ளே இருக்கும் சில வரிகள்தாம் வேறு. தீய நிரல் எழுதுவோர் இந்த வசதியைப் பலமுறை பயன்படுத்தியிருப்பதால், குற்றமற்ற கோப்புகளும் சந்தேகத்தில் மாட்டிக்கொள்கின்றன. பக்கத்து அலுவலகத்தில் பிடிபட்டது அப்பாவிக் கோப்பாகவும் இருக்கலாம், உண்மையிலேயே தீயதாகவும் இருக்கலாம். திறந்து படிக்கமுடியாத ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டில் எது என்று சொல்ல வழியில்லை. உங்களிடம் இருப்பது நோட்பேடில் திறந்து வரிவரியாகப் படிக்கக்கூடிய சாதாரண எழுத்துக் கோப்பு. மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி, ஸ்கிரிப்டை எழுத்துக் கோப்பாகவே வைத்திருக்கும்வரை உங்களுக்கு அஞ்சவேண்டியது அதிகமில்லை.

நடைமுறையில் மூன்று செய்திகள். 2022 டிசம்பரில் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. அதன் இலக்கணம் முதல் பதிப்பிலிருந்து வேறுபட்டது. இணையத்தில் கிடைக்கும் பழைய எடுத்துக்காட்டுகளில் பல முதல் பதிப்புக்கு எழுதப்பட்டவை என்பதால், எடுத்து ஒட்டியதும் பிழை வந்தால் மருமகனைக் கடிந்துகொள்ளாதீர்கள். தமிழ் வாசகங்கள் கட்டங்கட்டமாகவோ புரியாத குறிகளாகவோ வந்தால், கோப்பை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமிக்கவில்லை என்று பொருள். முதல் பதிப்பில் இந்தத் தொல்லை அதிகம். மூன்றாவதாக, குறுக்கெழுத்து எந்தச் சொல்லுக்குள்ளும் இயல்பாக வராததாக இருக்கவேண்டும். முன்னால் ஓர் அரைப்புள்ளியைச் சேர்த்து ஆங்கில எழுத்துகளில் வைத்துக்கொள்வது பலருடைய வழக்கம்.

பத்திரம் என்பதால் ஒரு வேண்டுகோளும் உண்டு. ‘சர்வ சுதந்திர பாத்தியத்துடன்’ என்று தொடங்கும் மாறாத வாசகங்களைக் கருவியிடம் விடுங்கள். புல எண், நான்கெல்லை, பரப்பளவு, பெயர் ஆகியவற்றை எந்நாளும் விடாதீர்கள், அவற்றைக் கையால் அடித்து மூலப் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் வேர்டில் மட்டுமே வேலை செய்பவரானால், புதிதாக எதையும் நிறுவாமலேயே, பத்தியை ஆட்டோடெக்ஸ்டாகச் சேமித்து, அதன் பெயரை அடித்து எஃப்3 விசையை அழுத்தினால் அதே பலன் கிடைக்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் அதைத்தான் முயல்வேன்.

கேள்வி: ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். மாதந்தோறும் நூற்றுக்கணக்கான விற்பனை பில்களை ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றவேண்டும். மவுஸ் அசைவைப் பதிவு செய்து திரும்ப ஓட்டும் சிறு மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்தினேன். ஒரு நாள் நடுவில் ஏதோ அறிவிப்பு திரையில் தோன்ற, அதன் பிறகு எல்லாமே இடம் மாறி விழுந்துவிட்டன. இதைவிட நம்பகமான கருவி உண்டா?
— கணக்கர், ஈரோடு

பதில்: உங்கள் பதிவுக் கருவிக்குத் திரையில் என்ன இருக்கிறது என்பதே தெரியாது. இடப்பக்கத்திலிருந்து இத்தனை புள்ளி, மேலிருந்து இத்தனை புள்ளி, அங்கே ஒரு சொடுக்கு என்ற கணக்கு மட்டுமே அதற்குத் தெரியும். சன்னல் சற்று நகர்ந்தாலோ, எழுத்தின் அளவை யாராவது பெரிதாக்கினாலோ, இணையம் மெதுவாகிப் பக்கம் தாமதமாகத் திறந்தாலோ, கண்ணைக் கட்டிக்கொண்டு கோலம் போட்ட கதைதான். பிழை நேர்ந்தது அதற்குத் தெரியாததால் நிற்கவும் நிற்காது.

இதற்கு அடுத்த படியில் இருப்பவை, திரையிலுள்ள பொத்தானையும் கட்டத்தையும் அவற்றின் பெயராலும் வகையாலும் அடையாளம் காணும் கருவிகள். தொடக்க நிலையினருக்கு எளிதாகக் கிடைப்பது மைக்ரோசாஃப்டின் பவர் ஆட்டோமேட் டெஸ்க்டாப். சாஃப்டோமோட்டிவ் என்ற நிறுவனத்தை 2020இல் வாங்கி, அதன் கருவியை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இதை, 2021 மார்ச்சில் விண்டோஸ் 10 வைத்திருப்போருக்குத் தனிக் கட்டணமின்றி மைக்ரோசாஃப்ட் அளித்தது. விண்டோஸ் 11இல் கூடவே வருகிறது. படிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக இழுத்து வைத்தால் போதும், நிரல் எழுதவேண்டியதில்லை. எதிர்பார்த்த பொத்தான் திரையில் இல்லையென்றால், அந்தப் படியிலேயே நின்று பிழை காட்டும். கணக்கு வேலைக்கு வேகத்தைவிட இந்த நிற்கும் குணந்தான் பெரிது என்பது என் கருத்து. இலவசப் பதிப்பில் குறித்த நேரத்துக்குத் தானாக ஓடச்செய்யும் வசதி கிடையாது, நீங்கள்தான் தொடங்கிவைக்கவேண்டும். தனிப்பட்ட மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செய்தால், நீங்கள் உருவாக்கும் படிவரிசை, மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில், உங்கள் கணக்கில் சேமிக்கப்படும். கடை முதலாளியின் தகவல்கள் அந்தப் படிகளுக்குள் எழுதப்பட்டிருந்தால், அவையும் உங்கள் சொந்தக் கணக்குக்குப் போய்விடும் என்பதை மறந்துவிடாதீர்கள். வாடிக்கையாளர் பெயர்களையும் எண்களையும் படிகளுக்குள் எழுதாமல், எக்செல் கோப்பிலிருந்து படித்துக்கொள்ளும்படி அமைப்பது நல்லது.

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்கள் வேலைக்கு இவற்றில் எதுவுமே தேவையில்லை என்றுதான் சொல்லவேண்டியிருக்கிறது. ஜிஎஸ்டி தளமே ஓர் ஆஃப்லைன் கருவியை இலவசமாகத் தருகிறது. பில் விவரங்களை அதற்குரிய எக்செல் வடிவத்தில் நிரப்பி, கருவியில் ஏற்றிச் சரிபார்த்து, அது உருவாக்கும் ஜேசான் கோப்பைத் தளத்தில் ஒரே தடவையில் பதிவேற்றலாம். கடையில் டேலி இருந்தால் அந்தக் கோப்பை அதிலிருந்தே எடுக்கலாம். பல கிளைகளிலிருந்து வரும் எக்செல் தாள்களை ஒன்றுசேர்ப்பதுதான் தலைவலி என்றால், எக்செல் 2016 முதல் உள்ளேயே இருக்கும் பவர் குவெரியைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு கோப்புறையைக் காட்டினால், அதிலுள்ள தாள்கள் அனைத்தையும் ஒரே அட்டவணையாக்கித் தரும். அடுத்த மாதம் புதிய தாள்களைப் போட்டுப் புதுப்பித்தால் போதும். விசையையும் மவுஸையும் தொடாமல், தகவலைத் தகவலாகவே கையாளும் வழி இருக்கும்போது, திரையைச் சொடுக்கும் கருவி கடைசித் தேர்வாகத்தான் இருக்கவேண்டும்.

கேள்வி: நான் எழுதிய ஸ்கிரிப்ட் மற்ற எல்லா மென்பொருள்களிலும் இயங்குகிறது, ஒரே ஒரு மென்பொருளின் சன்னலில் மட்டும் செயலற்றுப் போகிறது. ஸ்கிரிப்டை ‘நிர்வாகியாக இயக்கு’ என்று இயக்கினால் சரியாகிவிடும் என்றார் நண்பர். உண்மையிலேயே சரியாகிவிட்டது. எப்போதும் அப்படியே இயக்கலாமா?
— பொறியியல் மாணவி, திருநெல்வேலி

பதில்: வேண்டாம். 2007இல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா முதல், உயர்ந்த உரிமையோடு இயங்கும் சன்னலுக்குள் தாழ்ந்த உரிமையுள்ள நிரல் விசைகளைத் தட்டமுடியாதபடி ஒரு தடுப்பு இருக்கிறது. இணையத்திலிருந்து வந்த ஏதோ ஒரு நிரல், நிர்வாகிச் சன்னலில் தானே ‘ஆம்’ என்று தட்டி உங்கள் கணினியைக் கைப்பற்றிவிடக்கூடாது என்பதற்காக எழுப்பிய சுவர் அது. உங்களுக்கு மக்கர் செய்த மென்பொருள் நிர்வாகி உரிமையோடு ஓடுகிறது, உங்கள் ஸ்கிரிப்ட் அவ்வாறு ஓடவில்லை. பழுது என்று எதுவுமில்லை.

ஸ்கிரிப்டுக்கும் அந்த உரிமையைக் கொடுத்தால் சுவருக்கு அப்பால் போகலாம். ஆனால் அதன் பிறகு அந்த எழுத்துக் கோப்பில் யார் ஒரு வரியைச் சேர்த்தாலும், அது நிர்வாகியின் அதிகாரத்தோடு ஓடும். கோப்பு டவுன்லோட்ஸ் கோப்புறையிலோ, விடுதி அறைத் தோழியர் எல்லோரும் திறக்கும் இடத்திலோ இருந்தால், என்ன ஆகும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அந்த மென்பொருளுக்கு நிர்வாகி உரிமை உண்மையில் தேவையா என்று முதலில் பாருங்கள். மென்பொருளைத் திறக்கும் ஷார்ட்கட்டின் அமைப்பில் யாரோ ஒரு குறியை இட்டுவிட்டுப் போனதால் மட்டும் அப்படி ஓடும் மென்பொருள்கள் உண்டு. தேவைதான் என்றால், அந்த ஒரு வேலைக்கு மட்டும் தனி ஸ்கிரிப்ட் வைத்து, தேவைப்படும்போது மட்டும் அவ்வாறு இயக்குங்கள்.

கேள்வி: எனக்கு வயது 68. வங்கி, ஓய்வூதியம், மின்கட்டணம் என்று ஏழெட்டுக் கடவுச்சொற்கள். ஒரு விசையை அழுத்தினால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தாமே நிரம்புமாறு பேரன் அமைத்துத் தருவதாகச் சொல்கிறான். கைப்பேசிக்கு வரும் ஓடிபியையும் கணினிக்கே கொண்டுவந்து நிரப்பிவிடலாமாம். செய்துகொள்ளலாமா?
— ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், காரைக்குடி

பதில்: பேரனின் அக்கறையைப் பாராட்டுங்கள், ஆனால் இந்த ஏற்பாட்டை மறுத்துவிடுங்கள்.

ஸ்கிரிப்டுக்குள் எழுதிய கடவுச்சொல் மறையாக்கம் எதுவுமின்றி அப்படியே கிடக்கும். கணினியைப் பழுதுபார்க்கக் கொடுத்தால், கடைக்காரர் நோட்பேடில் திறந்து படித்துவிடலாம். அதைவிட அடிக்கடி நேரும் விபத்து வேறு. விசையை அழுத்தியதும், எந்தச் சன்னல் முன்னால் இருக்கிறதோ அதில் கருவி தட்டிவிடும். வங்கிப் பக்கம் திறப்பதற்குள் வாட்ஸ்அப் சன்னல் முன்னால் வந்துவிட்டால், உங்கள் கடவுச்சொல் குடும்பக் குழுவுக்குப் போய்ச்சேரும், இறுதியில் என்டர் விசையையும் சேர்த்து அமைத்திருந்தால் அனுப்பப்பட்டும் விடும். வங்கித் தளம் போலவே வேடமிட்ட போலிப் பக்கமானாலும் அதே தாராளந்தான். கருவிக்கு முகவரியைப் பார்க்கத் தெரியாது.

கடவுச்சொல் மேலாளர் எனப்படும் மென்பொருள்கள் இந்த வேலைக்கென்றே பிறந்தவை. பிட்வார்டன், கீபாஸ் போன்றவை கடவுச்சொற்களை மறையாக்கம் செய்து ஒரு தலைமைக் கடவுச்சொல்லுக்குள் பூட்டி வைக்கின்றன. உலாவியோடு இணைந்து இயங்கும்போது, தளத்தின் முகவரி பொருந்தினால்தான் நிரப்ப முன்வரும். எப்போதும் நிரப்புகிற பக்கத்தில் அது சும்மா இருந்தால், நீங்கள் நிறுத்திக்கொண்டு முகவரியை ஒருமுறை படிக்கவேண்டும் என்று அர்த்தம். கடவுச்சொல்லை நகலெடுத்து ஒட்டும் பழக்கமிருந்தால் இன்னொன்றையும் பாருங்கள்: விண்டோஸ் விசையோடு வி எழுத்தை அழுத்தினால் தோன்றும் கிளிப்போர்டு வரலாறு இயக்கப்பட்டிருந்தால், அண்மையில் நகலெடுத்த 25 உருப்படிகள்வரை அதில் தங்கியிருக்கும்.

ஓடிபி இரண்டாவது பூட்டு. அதன் சாவியையும் முதல் சாவி தொங்கும் ஆணியிலேயே மாட்டிவிட்டால், இரண்டு பூட்டுப் போட்டது வீண். ஆறு எண்களை நாமே பார்த்து அடிப்பதால் எந்த நஷ்டமும் இல்லை.

கேள்வி: தட்கல் பயணச்சீட்டுப் படிவத்தை நொடியில் நிரப்பும் நீட்டிப்பை உலாவியில் சேர்த்துக்கொள்ளலாமா? பொங்கலுக்கு ஊருக்குப் போக வேறு வழி தெரியவில்லை.
— மென்பொருள் ஊழியர், சென்னை

பதில்: உங்கள் தவிப்பு புரிகிறது, ஆனாலும் கூடாது. தானியங்கி நிரல்களை ஐஆர்சிடிசி அனுமதிப்பதில்லை. அவற்றைக் கண்டால் பயனர் கணக்கை முடக்குகிறது. இத்தகைய மென்பொருளால் சீட்டு எடுத்து விற்பதைத் தொழிலாகச் செய்வோர் மீது 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 143ஆம் பிரிவு பாயும், மூன்றாண்டுவரை சிறைத்தண்டனை அதில் உண்டு. நீங்கள் தொழில் செய்யவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த நீட்டிப்பை எழுதியவர் உங்கள் பயனர் பெயர், வங்கி அட்டை விவரம், குடும்பத்தாரின் பெயரும் வயதும் எல்லாவற்றையும் பார்க்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். ‘எல்லாத் தளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்’ என்று அது கேட்கும் அனுமதிக்கு வேறு பொருளில்லை.

நீட்டிப்பு இன்று நல்லதாக இருப்பதும் போதாது. தி கிரேட் சஸ்பெண்டர் என்ற நீட்டிப்பு பல ஆண்டுகள் நல்ல பெயரோடு இருந்தது. 2020இல் வேறு கைக்கு விற்கப்பட்டது. 2021 பிப்ரவரியில், தீய நிரல் இருப்பதாகச் சொல்லிக் கூகுள் அதை நீக்கியது. பயனர்கள் செய்த பிழை எதுவுமில்லை, தானாக வந்த புதுப்பிப்புதான் வினையானது.

2025 ஜூலை 1 முதல் ஐஆர்சிடிசி தளத்திலும் செயலியிலும் தட்கல் எடுக்க, ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும். அதை முன்கூட்டியே முடித்து, பயணிகள் பெயரை அத்தளத்திலுள்ள மாஸ்டர் லிஸ்டில் சேமித்து வைத்துக்கொண்டால், அடிக்கவேண்டியது வெகுவாகக் குறைந்துவிடும். அதற்கு மேல் அதிர்ஷ்டந்தான்.

கேள்வி: எங்கள் ஆசிரியர் குழுவில் மதிப்பெண் பட்டியல் தயாரிக்கும் எக்செல் கோப்பு ஒன்று சுற்றுகிறது. மேக்ரோவை இயக்க அனுமதித்தால், தரவரிசை, சராசரி, தனித்தனி மதிப்பெண் அட்டை எல்லாம் வருகிறது. மேக்ரோ ஆபத்தானது என்கிறார்களே?
— அரசு உதவிபெறும் பள்ளி ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: எக்செல் மேக்ரோ என்பது சிறு கணக்குச் சூத்திரம் அன்று. கோப்புகளை அழிக்கவும், இணையத்திலிருந்து வேறு நிரலை இறக்கவும், உங்கள் பெயரில் மின்னஞ்சல் அனுப்பவும் வல்ல முழு நிரல். 1999 மார்ச் 26 அன்று பரவத் தொடங்கிய மெலிஸா, வேர்டு ஆவணத்துக்குள் இருந்த மேக்ரோதான். திறந்தவரின் அவுட்லுக் முகவரிப் பட்டியலில் முதல் 50 பேருக்குத் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. அறிமுகமானவரிடமிருந்து வந்ததாலேயே எல்லோரும் திறந்தார்கள். ஆசிரியர் குழுவில் வரும் கோப்பும் அறிமுகமானவரிடமிருந்தே வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

பின்னர், இணையத்திலிருந்து வந்த கோப்புகளிலுள்ள மேக்ரோக்களை இயல்பாகவே தடுக்கும் முறையை 2022இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. இணையத்திலிருந்து இறங்கிய கோப்பில் விண்டோஸ் கண்ணுக்குத் தெரியாத ஒரு முத்திரையை ஒட்டிவைக்கிறது. அதைப் பார்த்துத்தான் எக்செல் தடுக்கிறது. பள்ளிகளுக்கு இதில் ஓர் ஓட்டை உண்டு. அந்த முத்திரை என்டிஎஃப்எஸ் என்ற வகை வட்டில்தான் தங்கும். பெரும்பாலான பென் டிரைவ்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. எனவே ஒரு கணினியிலிருந்து பென் டிரைவில் எடுத்து அடுத்த கணினியில் போட்டால் முத்திரை உதிர்ந்துவிடும், கோப்பு உள்ளூரில் பிறந்ததுபோல் நுழைந்துவிடும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். மேக்ரோவை அனுமதிக்காமல் கோப்பைத் திறந்து, ஆல்ட் விசையோடு எஃப்11 அழுத்தினால் உள்ளிருக்கும் நிரல் தெரியும். முழுதும் புரியாவிட்டாலும் பரவாயில்லை. மதிப்பெண் கூட்டுகிற நிரலில் இணைய முகவரிக்கும், ‘ஷெல்’ என்ற சொல்லுக்கும், அவுட்லுக்குக்கும் வேலையே இல்லை. இருந்தால் மூடிவிடுங்கள். நிரலைப் பார்க்கவே கடவுச்சொல் கேட்டால், எழுதியவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். அதோடு, கோப்பின் பெயர் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்று முடிந்தால் அதில் மேக்ரோ இருக்கமுடியாது. தரவரிசையும் சராசரியும் மட்டும் போதுமென்றால், சூத்திரங்களைக் கொண்டே அத்தகைய கோப்பில் செய்துவிடலாம். மதிப்பெண் அட்டைகளுக்கு, ஒரே படிவத்தில் ஒவ்வொருவர் விவரத்தையும் நிரப்பித் தரும் வேர்டின் மெயில் மெர்ஜ் இருக்கிறது. மாணவர்களின் பெயரும் பிறந்த தேதியும் உள்ள நிரப்பிய கோப்பைக் குழுவில் போடாதீர்கள், வெற்றுப் படிவத்தை மட்டும் பகிருங்கள்.

கேள்வி: மேக் கணினிக்கு இப்படி ஏதாவது உண்டா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: 2005 முதல் ஆட்டோமேட்டரும், 2021இல் வந்த மான்டரே என்ற மேக் இயங்குதளப் பதிப்பு முதல் ஷார்ட்கட்ஸும் கூடவே வருகின்றன. பிற செயலிகளைக் கட்டுப்படுத்த முயலும் மென்பொருள் அணுகல்வசதிப் பிரிவில் அனுமதி கேட்கும். யாருக்கெல்லாம் அதைக் கொடுத்திருக்கிறீர்கள் என்று அமைப்புகளில் அவ்வப்போது பார்த்து, தெரியாத பெயர்களை நீக்கிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு நிரல் எழுதத் தெரியாது. செயற்கை நுண்ணறிவு உரையாடியிடம் கேட்டால் ஸ்கிரிப்ட் எழுதித் தருகிறது. அதை அப்படியே ஓட்டலாமா?
— புகைப்படக் கலைஞர், நாகர்கோவில்

பதில்: ஓட்டுவதற்கு முன், ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது, எதிர்பாராதது நடந்தால் என்ன ஆகும் என்று அதனிடமே கேளுங்கள். இரண்டாவது கேள்விதான் முக்கியம். ஏன் என்பதற்கு என் சொந்தக் கதையைச் சொல்கிறேன். பென் டிரைவில் ஒரு கோப்புறைக்குள் போய், அங்குள்ள பழைய கோப்புகளையெல்லாம் அழிக்க இரண்டே வரியில் ஒரு பேட்ச் கோப்பு (விண்டோஸ் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் எழுத்துக் கோப்பு) எழுதி வைத்திருந்தேன். மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் வேறொரு கருவி இணைக்கப்பட்டிருந்ததால் பென் டிரைவின் எழுத்து ‘ஈ’யிலிருந்து ‘எஃப்’ ஆகிவிட்டது. முதல் வரி கோப்புறைக்குள் போகமுடியாமல் தோற்றது. இரண்டாம் வரி அதைப் பொருட்படுத்தாமல், தான் நின்ற இடத்திலேயே அழிக்கத் தொடங்கியது. நின்ற இடம் நான் கட்டுரைகள் வைத்திருந்த கோப்புறை. கட்டளையால் அழித்தவை ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை. வைரஸும் இல்லை, திருடரும் இல்லை, நானே எழுதிய இரண்டு வரி.

நீங்கள் புகைப்படக் கலைஞர். திருமணப் படங்களைத் திரும்ப எடுக்கமுடியாது. ஐம்பது படங்களின் நகலைத் தனிக் கோப்புறையில் வைத்து அதில் மட்டும் முதலில் ஓட்டுங்கள். அழிப்பதற்குப் பதில் வேறிடத்துக்கு நகர்த்துமாறும், ஆட்டோஹாட்கீயானால் நேரடியாக அழிக்கும் கட்டளைக்குப் பதில் ரீசைக்கிள் பின்னுக்கு அனுப்பும் கட்டளையைப் பயன்படுத்துமாறும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: மேலே சொன்னது போன்ற இழப்பு நேராமலிருக்க, தினமும் மாலையில் தானாக நகல் எடுக்க எளிய வழி சொல்லுங்கள்.
(இந்தக் கேள்வியைப் பலர் பல மாதங்களாகக் கேட்டுவருகிறார்கள். இடம் பார்த்து இங்கே சேர்த்திருக்கிறேன்.)

பதில்: விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி என்ற கட்டளையும், குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கும் டாஸ்க் ஷெட்யூலரும் போதும், எதையும் வாங்கவேண்டாம். மூலக் கோப்புறை, நகல் போகவேண்டிய இடம் இரண்டையும், உட்கோப்புறைகளையும் சேர்க்கும் ‘/E’ தெரிவையும் கொடுத்தால், மாறிய கோப்புகளை மட்டும் ரோபோகாப்பி எடுத்துச்செல்லும். அதை ஒரு பேட்ச் கோப்பில் எழுதி, மாலை ஆறு மணிக்கு ஓடுமாறு ஷெட்யூலரில் அமைத்துவிடலாம். அங்கே ‘மிக உயர்ந்த உரிமையோடு இயக்கு’ என்றொரு கட்டம் இருக்கும். உங்கள் சொந்தக் கோப்புகளை நகலெடுக்க அது தேவையில்லை, தொடாதீர்கள்.

பல இடங்களில் இந்தக் கட்டளையோடு ‘எம்ஐஆர்’ என்ற தெரிவையும் சேர்த்துக் காட்டியிருப்பார்கள். கண்ணாடிபோல் அப்படியே பிரதிபலிப்பது அதன் வேலை. மூலத்தில் ஒரு கோப்பு இல்லையென்றால் நகலிலும் அதை அழித்துவிடும். காலையில் நீங்கள் தவறுதலாக ஒரு கோப்புறையைக் காலி செய்திருந்தால், மாலை ஆறு மணிக்கு நகலும் சத்தமில்லாமல் காலியாகிவிடும். மூலத்தையும் நகலையும் இடம் மாற்றி எழுதிவிட்டால் விளைவு இன்னும் மோசம். ஆகவே அந்தத் தெரிவில்லாமல் தொடங்குங்கள். நகலில் பழைய குப்பை சேரும், சேரட்டும். வாரத்தில் ஒருநாள் நகல் வட்டைத் திறந்து, நேற்று மாற்றிய கோப்பு ஒன்று அங்கே புதிய தேதியோடு இருக்கிறதா என்று பாருங்கள், திறந்தும் பாருங்கள். வேலை முடிந்ததும் வட்டைக் கழற்றி வைக்கமுடிந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீய நிரல்களிடமிருந்தும் அது தப்பும். அப்படியானால் மறுநாள் மாலை ஆறு மணிக்கு முன் அதைத் திரும்பச் செருக நீங்கள்தான் நினைவில் வைத்திருக்கவேண்டும்.